நீர்நாயும் நம் கால்வாயும்

சென்ற கல்வியாண்டில் நமது கல்லூரி இயற்கைச் சங்கத்தின் கூட்டமொன்றில், நீர்நாய்களைக் காத்தற்பொருட்டு உலக நாடுகள் கூடிச் செய்துவரும் ஆராய்ச்சியைக் குறித்து ஓர் உரை நிகழ்ந்தது. உரை முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு நீர்நாயைப் பற்றிப் பேசுவானேன்? காப்டன் காட்டன் கால்வாயைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டன்றோ நாங்கள் கல்லூரிக்கு வருகிறோம்? முதலில் மனிதருக்கு நீர் வரட்டும்; நாய்க்குப் பிறகு பார்ப்போம்" என்றார். சபையினர் நகைத்தனர், கைதட்டினாரும் உளர். உரையாற்றிய அன்பரோ நேரமாயிற்றென்று கூறி அமர்ந்துவிட்டார்.

நமக்கு அக்கேள்வி நகைத்துத் தள்ளத்தக்கதாகத் தோன்றவில்லை. அது விடையிறுக்கத்தக்க கேள்வி. அன்று மேடையில் விடை கிடையாமற் போனமையின், இம்மலரில் நமக்குத் தோன்றியவற்றை எழுதலாயினோம்.

நீர்நாய் நமக்கு அந்நியமான பிராணியன்று. சங்க நூல்களுள் ஐங்குறுநூற்றிலும் குறுந்தொகையிலும் மருதத் திணைப் பாட்டுக்களில் அது வருகிறது. பொய்கையில் வாளை மீனைத் தன் அன்றைய இரையாகக் கொள்ளும் விலங்காகப் புலவர் அதனைக் கண்டனர். வயலும் வாய்க்காலும் இருந்த இடத்தில் நீர்நாயும் இருந்தது. அவ்வளவு சாதாரணமாகப் பழகிய பிராணியாயிருந்ததால்தான் தலைவனுடைய ஊரைச் சொல்லவந்த புலவர்க்கு அது எளிதில் நாவில் வந்தது. இக்காலத்து மாணவரிடம் நீர்நாயென்றால் பலர் சீல் என்னும் கடல் விலங்கை நினைக்கின்றனர். சிலர் முதலையின் குட்டியோ என்று வினவுகின்றனர். பாட்டு மனப்பாடமாயிருக்கிறது, பாட்டிலுள்ள பிராணி மறந்துபோயிற்று. இது தமிழாசிரியர்க்கும் விலங்கியலாசிரியர்க்கும் பொதுவான குறையென்றே நாம் கொள்கிறோம்.

உலகில் ஏறக்குறைய பதின்மூன்று வகை நீர்நாய்கள் உண்டு. அவற்றுள் மூன்று நம் நாட்டில் வாழ்வன. வழுவழுப்பான உரோமமும் தட்டையான வாலும் கொண்ட பெரிய வகை காவிரியில் குடும்பம் குடும்பமாகத் திரிவது. சிறு நகங்களையுடைய வகையோ உலகத்து நீர்நாய்களுள் யாவற்றினும் சிறியது; நீலகிரி, ஆனைமலை முதலிய மலைகளின் ஓடைகளில் கல்லைப் புரட்டி நண்டு தின்று வாழ்வது. மூன்றாவது, ஐரோப்பா தொடங்கி ஆசியா முழுதும் பரந்த வகை. அதுவும் வால்பாறைப் பக்கத்தில் காணப்பட்டிருக்கிறது. காவிரியிலுள்ளது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மீன் தின்னும். குடும்பத்தில் ஐந்தாறு உறுப்பினர் இருப்பின் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். மீன் இல்லாத ஆற்றில் நீர்நாய் இல்லை; நீர் கெட்ட ஆற்றில் மீன் இல்லை. ஆகையால் ஓர் ஆற்றின் நலத்தை அறிய விரும்புவோர் முதலில் நீர்நாயைத் தேடுகின்றனர்.

இப்பிராணிக்கு வந்த கேடு அதன் தோலால் வந்தது. வட பசிபிக் கடலில் வாழும் கடல் நீர்நாயின் உரோமத்தைப்போல் அடர்ந்தது வேறெவ்விலங்கிற்கும் இல்லை. 1741-இல் பேரிங் என்பாரின் யாத்திரை அத்தோலை வியாபாரிகட்குக் காட்டிக்கொடுத்தது. அதற்குமுன் ஒன்றரை லக்ஷத்திற்குக் குறையாதிருந்த கூட்டம், 1911-இல் ஓரிரண்டாயிரம் ஆயிற்று. அவ்வாண்டில் பிரிட்டன், அமெரிக்கா, ருஷியா, ஜப்பான் ஆகிய நான்கு வல்லரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு வேட்டையை நிறுத்தின. ஒன்றோடொன்று பகைத்திருந்த அரசுகள் ஒரு விலங்கின்பொருட்டுக் கையெழுத்திட்டன என்பது இக்காலத்தில் வாசிப்பார்க்கு வியப்பாயிருக்கும். வேட்டையாட இனி ஒன்றும் மிஞ்சவில்லை என்ற நிலையில் எழுந்த ஞானோதயம் அது என்று கூறுவாரும் உளர். நாமும் அதனை மறுக்கவில்லை. எனினும் அக்கையெழுத்தால் விலங்கு பிழைத்தது. இன்று லக்ஷத்திற்கு மேல் உண்டு.

நம் நாட்டுக் கதை இதனினும் துயரமானது, அண்மையது. 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் திபெத்தில் ஒரு வண்டியை நிறுத்திச் சோதித்தபோது புலித்தோல் 31-ம், சிறுத்தைத்தோல் 581-ம், நீர்நாய்த்தோல் 778-ம் அகப்பட்டன. ஒரே வண்டியில் எழுநூற்றெழுபத்தெட்டு! புலிக்காகப் பத்திரிகைகள் அழுதன. நீர்நாயைப் பற்றி வரி ஒன்று எழுதினால் அதிகம். 2006-இல் தலாய் லாமா அவர்கள் இத்தகைய தோலாடைகளை அணியலாகாதென்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டபின், திபெத்தியர் பலர் தம் தோலாடைகளைத் தெருவிற் குவித்துக் கொளுத்தினர். தோல் வியாபாரம் தளர்ந்த காலத்தில் வேறொரு மோகம் கிளம்பியது. சிறுநக நீர்நாயின் குட்டியை வீட்டில் வளர்த்துப் படம்பிடித்து ஊரார்க்குக் காட்டுதல். ஜப்பானில் காபி விடுதிகளில் அவற்றைக் கூட்டில் வைத்து வந்தோர்க்கு விளையாட்டுக் காட்டினர். இவற்றையெல்லாம் கருதி, 2019-இல் ஜெனீவா நகரிற் கூடிய பன்னாட்டு மாநாட்டில் நம் இந்தியாவும் அண்டை நாடுகளும் கொணர்ந்த தீர்மானத்தின்படி, வழுவழுப்பு வகையும் சிறுநக வகையும் சர்வதேச வியாபாரம் அறவே விலக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பெற்றன.

சட்டம் ஒருபுறமிருக்க, ஆராய்ச்சி எவ்வாறு நடக்கிறதென்பதை மாணவர் அறிதல் நலம். 1974-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் நீர்நாய்க்கென்றே அறிஞர் குழுவொன்றை நிறுவினர். 1990-இல் அக்குழுவின் செயல்திட்டம் நூலாக வந்தது. பெரிய யந்திரங்கள் கொண்டு செய்யும் வேலையென்று எண்ணவேண்டா. நீர்நாய் தன் எச்சத்தை ஒரே பாறையில் மீண்டும் மீண்டும் இடும் இயல்புடையது. அவ்வெச்சத்தைத் திரட்டி, உலர்த்தி, அதிலுள்ள மீன் செதிலையும் நண்டோட்டையும் பூதக்கண்ணாடியாற் பார்த்து, அது எதனைத் தின்றது, எத்துணை தின்றது என்று கணிக்கின்றனர். சம்பலாற்றிலும், முல்லைப் பெரியாற்று அணையால் உண்டான ஏரியிலும் நம் நாட்டறிஞர் இவ்வாறே செய்தனர். அவ்வேரியின் நீரைத்தான் தேனிச் சீமையார் வயலுக்குப் பாய்ச்சுகின்றனர். நாற்றத்திற்கு அஞ்சுவோர் இவ்வாராய்ச்சிக்கு ஆகார். இவ்விஷயத்தில் வடசென்னை மாணவர்க்கு இளமைமுதற் பயிற்சி உண்டென்று கூறினால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததொன்று நம் மனத்தை விட்டகலாதது. அந்நாட்டுப் பிரபுக்கள் வேட்டைநாய்களைக் கொண்டு நீர்நாயைத் துரத்தும் கேளிக்கையை நெடுங்காலம் நடத்திவந்தனர். எந்நாள் எந்த ஆற்றில் எத்தனை கண்டோம் என்று நாட்குறிப்பும் எழுதினர். 1950-களின் பிற்பகுதியிலிருந்து அக்குறிப்புகளில் எண்ணிக்கை திடீரென்று சரிந்தது. காரணமென்னவென்று துருவியபோது, விதைக்கும் ஆட்டுக்கும் பூச்சி வாராமலிருக்கப் புதிதாய் இட்ட டீல்ட்ரின் முதலிய விஷங்கள் மழைநீரோடு ஆறு புகுந்து, மீனுள் தங்கி, மீனைத் தின்ற நீர்நாயைக் கொன்றன என்பது புலப்பட்டது. கொல்லப் போனவர் எழுதிய குறிப்பே காக்க வந்தவர்க்குச் சாட்சியாயிற்று. விஷம் விலக்கப்பட்டது, 1978-இல் வேட்டையும் நின்றது, 2011-இல் இங்கிலாந்தின் மாவட்டம் ஒவ்வொன்றிலும் நீர்நாய் மீண்டும் உண்டென்று அறிவித்தனர். விஷத்தை விலக்கியதற்கும் விலங்கு திரும்பியதற்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்தது. அக்குறிப்புகள் இல்லாதிருந்தால் நோய் இன்னதென்று அறிவதற்குள் நோயாளி போயிருப்பான்.

இனி எண்ணூருக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பரவிப் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்திலும் படர்ந்ததை நம்மிற் பலர் கண்ணாற் கண்டனர். வீட்டுச் சுவரில் எண்ணெய் நின்ற உயரம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. படகும் வலையும் பாழாயின. மீனவர் கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினர். கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப் பறக்கமாட்டாமல் நின்றன. சில வாரத்தில் மேற்பரப்பு தெளிந்தது. விஷயம் முடிந்ததென்று பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போயின.

முடிந்ததா? இதற்கு விடை நீர்நாய் ஆராய்ச்சியில் இருக்கிறது. 1989 மார்ச்சில் அலாஸ்காக் கரையில் எண்ணெய்க் கப்பலொன்று பாறையில் மோதி உடைந்தது. திமிங்கிலத்திற்கும் சீலுக்கும் தோலின்கீழ்க் கொழுப்புப் போர்வையுண்டு. கடல் நீர்நாய்க்கு அஃதில்லை. உரோமத்தினுள் சிறைப்பட்ட காற்றே அதற்குக் கம்பளி. எண்ணெய் பட்ட உரோமத்தில் காற்று நில்லாது. குளிர்ந்த கடலில் விலங்கு விறைத்துச் சாகும். ஆயிரக்கணக்கில் மாண்டன. அறிஞர்கள் அத்தோடு வீடு திரும்பியிருப்பரேல் நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமிராது. அவர்கள் ஆண்டுதோறும் சென்று எண்ணினர். மேலே நீர் தெளிந்த பின்னும் அவ்விடத்து நீர்நாய்கள் பெருகவில்லை. ஏனெனில் அவை சிப்பிக்காகக் கடற்கரைச் சேற்றைத் தோண்டுவன. சேற்றுக்குள் எண்ணெய் கிடந்தது. முன்னிருந்த எண்ணிக்கைக்கு அவை மீண்டுவிட்டனவென்று சொல்ல 2014 ஆயிற்று. அதாவது கால் நூற்றாண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவுவோர் சேற்றிற் கைவிட்டுத்தான் தடவுகின்றனர். சேறு எப்போது தெளியும் என்ற கேள்வி அலாஸ்காவில் நீர்நாய்க்காகக் கேட்கப்பட்டது. இங்கே மனிதருக்காகக் கேட்கவேண்டியிருக்கிறது. கேட்கும் முறையை அங்கிருந்து கற்கலாம். "முதலில் மனிதருக்கு" என்ற மாணவ நண்பருக்கு நாம் கூறும் முதல் விடை இதுவே.

இரண்டாவது விடை சிங்கப்பூரில் இருக்கிறது. நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் அங்கே உத்தியோகத்திலிருப்பதால் இது அவர்கட்குக் கேள்வியன்று, காட்சி. அதுவும் ஒரு துறைமுகப்பட்டினம். அதன் ஆறும் ஒரு காலத்தில் நம் கூவத்திற்கு இளையதாயிருக்கவில்லை. 1970-களில் அங்கே நீர்நாய் அற்றுப்போயிற்று. 1977-இல் அரசினர் பத்தாண்டில் ஆற்றைச் சுத்தஞ்செய்ய வேண்டுமென்று கெடு வைத்து, 1987-இல் அதை நிறைவேற்றினர். 1998-இல் சுங்கை பூலோ என்னும் சதுப்பில் வழுவழுப்பு நீர்நாய்கள் தாமே வந்து தங்கின. அதாவது நம் காவிரியிலுள்ள அதே வகை. பின்னர், பீஷான் என்னுமிடத்தில் சிமிட்டிச் சுவர்களுக்கிடையே ஓடிய காலாங் ஆற்றை, சுவரை இடித்து, வளைவும் புல்லும் மணலுமாகத் திருப்பி விட்டனர். 2012-இல் அவ்வேலை முடிந்த சில ஆண்டுகளில் நீர்நாய்க் குடும்பமொன்று அங்கே குடியேறியது. இன்று நகரில் 150-க்கு மேற்பட்டவை உலாவுகின்றன. மாளிகைகளின் தொட்டியிலுள்ள விலையுயர்ந்த வர்ணமீன்களைத் தின்றுவிட்டன என்று பிராது வருமளவிற்குச் செல்வாக்கோடிருக்கின்றன. நம் மாநகரிலோ மழைநீர்க் கால்வாய் ஒவ்வொன்றையும் சிமிட்டியால் கட்டி முடிப்பதையே சீர்திருத்தமென்று கொள்கிறோம். அங்கே இடித்ததை இங்கே கட்டுகிறோம்.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்துப் பேசுதல் தகாது. சிங்கப்பூரின் சுத்தத்திற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது; ஆற்றோரத்திலிருந்த ஏறக்குறைய 26,000 குடும்பங்களை அப்புறப்படுத்தினர். அவர்கட்கு அரசு கட்டிய வீடுகள் கிடைத்தன என்பது உண்மை. எனினும் நம் ஊரில் கூவக்கரைக் குடிகளைப் பெரும்பாக்கத்திற்கு அனுப்பியதை அறிந்தவர்க்கு இந்த எண் நெஞ்சிற் குத்தும். பள்ளி ஓரிடம், வேலை ஓரிடம், வீடு இருபது மைலுக்கு அப்பால் என்றாயின், தெளிந்த ஆற்றைக் கண்டு மகிழ அவ்விடத்தில் யார் இருப்பர்? நீர்நாய்க்காக ஏழைகளை விரட்டுவதென்றால் நமக்கு அந்நீர்நாய் வேண்டா என்றே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கொசஸ்தலையாற்றைக் கெடுத்தது அதன் கரைக்குடிகளன்று. அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கழிமுகத்திற் கொண்டுவந்து கொட்டியது காட்டுக்குப்பத்து மீனவனா? எண்ணெயைத் திறந்துவிட்டது திருவொற்றியூர்க் கிழவியா? ஆற்றைத் திருத்த ஆளை எடு என்று முழங்குவோர் முதலில் சாம்பற் குழாயை எடுக்கட்டும். சிங்கப்பூரிடம் நாம் கற்கவேண்டியது கெடுவும் கணக்கும் வளைந்த கரையும், குடிபெயர்த்தலன்று.

பிறிதொன்றும் அங்கே கவனிக்கத்தக்கது. சிங்கப்பூருக்கு வந்த நீர்நாய்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஜோகூர் நீரிணைக்கு அப்பால் மலாய் நாட்டு அலையாத்திக் காடுகளில் எஞ்சியிருந்தவை நீந்தி வந்தன என்று கருதுகின்றனர். அண்டை வீட்டான் காவாதிருந்தால் இவன் வீட்டைத் துடைத்துவைத்தும் விருந்தாளி வாரான். பன்னாட்டு உழைப்பென்று நாம் பெரிதாகச் சொல்வதன் பொருள் இவ்வளவே. நமக்கும் அத்தகைய களஞ்சியங்கள் உண்டு. வடக்கே கோதாவரி முகத்தில் கோரிங்காக் காட்டில் இவ்வகை நீர்நாய் வாழ்கிறது. மேற்கே 2022 நவம்பரில் நம் அரசு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரித் தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. அதில் நீர்நாயும் ஒரு குடி.

அக்காவிரியிலும் நிலை நிம்மதியாயில்லை. மணல் அள்ளுதலால் அது குட்டியீனும் கரை போகிறது. வெடி வைத்து மீன் பிடிப்பதால் அதன் உணவு போகிறது. இவற்றைக் குற்றமென்று கூறுவது எளிது. செவுள் வலையைக் கிழித்து அகப்பட்ட மீனை நீர்நாய் தின்றுவிட்டதென்று மனமுடைந்து நிற்கும் பரிசற்காரனை என்ன செய்வது? அவனுக்கு வலைதான் மூலதனம். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துக் காட்டினால் வலை தைத்துக்கொள்ளாது. யானை வாழையை மிதித்தால் நஷ்டஈடு கொடுக்க வழியிருப்பதுபோல், நீர்நாய் வலையைக் கிழித்தாலும் தாமதமின்றிக் கொடுக்க வழி செய்யவேண்டுமென்பது நம் துணிபு. வங்காள தேசத்தில் நரைல் என்னும் ஊர்ப்பக்கத்துச் செம்படவர் நீர்நாயைப் பழக்கிக் கயிற்றிற் கட்டி, மீனை வலைக்குள் விரட்டும் வேலையை அதனிடமே வாங்குகின்றனர். பலதலைமுறையாய் வந்த அத்தொழில் இப்போது நலிந்து வருகிறது. பகையென்று ஓரிடத்தில் அடிக்கப்படுவது வேறோரிடத்தில் கூட்டாளி. இதை ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள், பட்டதாரிகளல்லர்.

எண்ணூரில் இன்று நீர்நாய் உண்டு என்று நாம் சாதிக்கவரவில்லை. வரக்கூடிய ஆறு அது என்பதே நம் வாதம். பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து எண்ணூர் முகம் வரையில் கொசஸ்தலையாறு நம் கல்லூரிக்கு எட்டிய தூரத்திலே இருக்கிறது. 1806-இல் காக்ரேன் என்பார் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய், பின்னர்ப் பக்கிங்ஹாம் என்று பேர்பெற்று, நம் பேட்டைக்கருகே கிடக்கிறது. கம்பெனியார் காலத்தில் துணி வெளுப்போர் இங்கே வந்து குடியேறியதாலன்றோ இவ்விடத்திற்கு வண்ணாரப்பேட்டை என்று பெயர்? நல்ல நீர் இல்லாத இடத்தை வெளுப்போர் தேர்ந்திருக்கமாட்டார். பெயர் நின்றது, நீர் போயிற்று.

நம் கல்லூரியார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் மழைக்குப்பின் ஒன்றுமாக, விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் எண்ணூர் மீனவரோடு கொசஸ்தலையாற்றங்கரையில் நடந்து, மீன் என்ன, பறவை என்ன, அடிச்சுவடு என்ன, நீரின் நிறமென்ன என்று ஒரே புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். வழி சொல்பவர் மீனவராகவே இருக்கட்டும். அவர்க்கு நாட்கூலியும் கொடுக்கவேண்டும். அப்புத்தகம் நூல்நிலையத்தில், பூட்டிய அலமாரியிலன்றி, மேசைமேல் இருக்கவேண்டும். இங்கிலாந்து வேட்டைக்காரர் கேளிக்கைக்காகச் செய்ததை நாம் கல்விக்காகச் செய்யலாகாதா? மறுமுறை எண்ணெய் வந்தால், முன் இன்னது இருந்தது என்று நியாயஸ்தலத்தில் எடுத்துக் காட்ட அப்புத்தகம் ஒன்றாவது இருக்கும். 2023-இல் தமக்கு இருந்தது இன்னதென்று காட்ட எழுத்தில்லாமல் பலர் திண்டாடினர்.

இவ்யோசனையைச் சங்கத்தில் வெளியிட்டபோது முதலில் பெயர் கொடுத்தவர் அந்தக் கடைசி வரிசை மாணவரே. பெயர் கொடுத்ததோடு நில்லாமல், அடுத்த ஞாயிறே தம் மாமாவின் படகில் விடியுமுன் போய், கழிமுகத்துத் திட்டொன்றில் ஈரச்சேற்றிற் கண்ட அடிச்சுவட்டை அளந்து வரைந்து, திங்களன்று மிக்க ஆரவாரத்தோடு கொண்டுவந்தார். விலங்கியலாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நீர்நாய்க்கு ஐந்து விரல், இடையே சவ்வு. படத்திலிருந்தவை நான்கே விரல். புதிய புத்தகத்தின் முதற்பக்கத்தில் அப்படம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன்கீழே தேதியும், இடமும், வீசிய காற்றின் திசையும் குறித்து, "தெருநாய்" என்று அம்மாணவரே தம் கையால் எழுதியிருக்கிறார்.